தேன் மருந்தா, துணை மருந்தா?

இரைப்பைக் கிருமி பற்றி ஒரு பாடம்



பொங்கல் விழாப் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு நின்றபோது, ஓர் அன்பர் என்னிடம் சொன்னார்: "ஸார், அல்சருக்குக் கொடுத்த மாத்திரையெல்லாம் நிறுத்திவிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் தேன், ராத்திரி இரண்டு பல் பூண்டு. அவ்வளவுதான். வலி போன இடம் தெரியவில்லை." பக்கத்தில் நின்ற மாமி, "மஞ்சளும் கொஞ்சம் சேர்த்துக்கோங்கோ" என்றார். இன்னொருவர் வாட்ஸப்பில் வந்த செய்தி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

நான் அப்போது பதில் சொல்லவில்லை. காரணம், சில ஆண்டுகளுக்கு முன் இதே வார்த்தைகளை நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதன் முடிவு எப்படியிருந்தது என்பதைச் சொல்வது என் கடமை என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் இடையே உள்ள காட் செக்‌ஷனில் மழைக்கால ரோந்து, வேளை கெட்ட சாப்பாடு, மணிக்கொரு சாயா என்று பல வருடம் கழிந்தது. இரவு இரண்டு மணிக்கு மேல்வயிற்றில் எரிச்சலோடு ஒரு வலி வரும். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டால் அடங்கும். 'ஆசிடிட்டி' என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். மஹாபலேஷ்வர் போகிறவர்களிடம் சொல்லி நல்ல தேனாக வாங்கிவரச் செய்து, இரண்டு வருடம் விடாமல் சாப்பிட்டேன். வலி குறையும், திரும்ப வரும், மறுபடி குறையும்.

ஒரு நாள் காலை மலம் தார் போலக் கறுப்பாகப் போயிற்று. முந்தின நாள் சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். மறுநாள் ஸ்டேஷன் படி ஏறும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில், இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். அதிலிருந்து ரத்தக் கசிவு. புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி என்றும் சோதனையில் தெரிந்தது. "இரண்டு வருடமாக வலி இருந்தும் ஏன் வரவில்லை?" என்று டாக்டர் கேட்டார். "தேன் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று இருந்தேன்" என்றேன். அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "தேன் நல்ல பொருள்தான். ஆனால் இந்த வேலை அதனுடையது அல்ல" என்றார்.

அந்த வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ளப் பிறகு நிறையப் படித்தேன். படித்ததைப் பாடம் போல இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. கிருமியைக் கண்டுபிடித்த கதை

வயிற்றுப் புண்ணுக்குக் கவலை, காரம், வேளை தவறிய உணவு ஆகியவைதான் காரணம் என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியது. அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது என்பது பாடப்புத்தக முடிவாக இருந்தது.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர மருத்துவமனையில் திசு ஆய்வாளராக இருந்தவர் ராபின் வாரன். 1979-இல் இரைப்பைத் திசுவை நுண்நோக்கியில் பார்த்தபோது சுருள் வடிவக் கிருமிகளைக் கவனித்தார். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியைத் தட்டில் வளர்க்க எத்தனையோ முறை முயன்றும் வளரவில்லை. வழக்கமாக இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டுகளை எறிந்துவிடுவார்கள். 1982-இல் ஈஸ்டர் விடுமுறை காரணமாகத் தட்டுகள் கூடுதல் நாட்கள் அப்படியே இருந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் கிருமி. அதற்கு அவகாசம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இருந்தும் பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன. அவருடைய இரைப்பையில் அழற்சி உண்டானது சோதனையில் உறுதியாயிற்று. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியின் இன்றைய பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருக்கமாக எச். பைலோரி என்பார்கள்.

2. அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது?

இது பொறியியல் மாணவனுக்குப் பிடித்த பகுதி. நம் உடலில் யூரியா எங்கும் சிறிதளவு உண்டு. இரைப்பை நீரிலும் உண்டு. எச். பைலோரியிடம் யூரியேஸ் என்ற நொதிப்பொருள் ஏராளமாக இருக்கிறது. அதைக்கொண்டு யூரியாவை உடைத்து அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. அம்மோனியா காரத்தன்மை உடையது. ஆகவே தன்னைச் சுற்றி அமிலத்தை முறிக்கும் ஒரு சிறு வளையத்தை அது அமைத்துக்கொள்கிறது.

பிறகு வாலை அடித்துக்கொண்டு, இரைப்பைச் சுவரைப் போர்த்தியிருக்கும் கோழைப் படலத்துக்குள் துளைத்துச் சென்று தங்கிவிடுகிறது. நாம் விழுங்கும் எந்தப் பொருளும் அந்தப் படலத்தைக் கடந்துதான் அதை அடைய வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேன் பற்றிய கணக்குக்கு இது வேண்டும்.

பெரும்பாலும் சிறு வயதில், குடும்பத்துக்குள்ளேயே இது தொற்றுகிறது. அசுத்த நீர், கழுவாத கை, உணவை மென்று குழந்தைக்கு ஊட்டும் பழக்கம் ஆகியவை வழிகள். உலகில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இது இருந்துவந்திருக்கிறது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேல். பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்கு இது ஆயுள் முழுவதும் தொந்தரவு தருவதில்லை. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குப் புண் வரலாம். ஓரிருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரலாம். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைக் காரணிகளில் இதையும் சேர்த்தது.

3. தேனுக்கு உண்மையிலேயே சக்தி உண்டா?

உண்டு. அதில் ஐயமில்லை.

தேனைப் பற்றிப் படிக்கப் புனேவாசிகளான நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காதி கிராமத் தொழில் ஆணையத்தின் மத்தியத் தேனீ ஆராய்ச்சி பயிற்சி நிலையம் 1962-இல் தொடங்கப்பட்டது நம் கணேஷ்கிண்ட் சாலையில்தான். மஹாபலேஷ்வர் மலைப்பகுதி நெடுங்காலமாகத் தேனுக்குப் பேர்போனது. அங்குள்ள மாங்கர் என்ற கிராமம் 2022-இல் 'மதாச்சே காவ்', அதாவது தேன் கிராமம் என்று அறிவிக்கப்பட்டது. நாவல் மரம் பூக்கும் பருவத்தில் கிடைக்கும் தேனில் இலேசான கசப்பு இருக்கும். கார்வி என்ற செடி சுமார் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை மலை முழுவதும் பூக்கும்; அப்போது கார்வித் தேன் கிடைக்கும். இந்தக் கார்வி நம் நீலக்குறிஞ்சிக்கு உறவுச் செடி என்று சொன்னால் நம்மவர்களுக்கு இனிப்பு இன்னும் கூடும். ஊர்ப்பக்கம் நம் மார்த்தாண்டம் தேன் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

தேன் கிருமியைத் தடுப்பது எப்படி? மூன்று வழிகள்.

முதலாவது, அதில் சர்க்கரை ஏறக்குறைய 80 சதவீதம். நீர் 20 சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவு கெட்டியான கரைசல், கிருமியின் உடலில் உள்ள நீரை உறிஞ்சிவிடும். ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையும் இதுதான்.

இரண்டாவது, தேன் புளிப்புத்தன்மை உடையது.

மூன்றாவது, தேனீ தன் உடலிலிருந்து சேர்க்கும் ஒரு நொதிப்பொருள், தேனில் நீர் கலந்தவுடன் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். காயம் கழுவ மருந்துக்கடையில் வாங்கும் அதே பெராக்சைடுதான். அளவு மட்டும் குறைவு.

இவற்றோடு நியூசிலாந்தின் மனுக்காத் தேனில் மெத்தில் கிளையாக்சால் என்ற வேறொரு பொருளும் கூடுதலாக இருக்கிறது. தீப்புண், ஆறாத காயம் ஆகியவற்றின் மேல் பூசுவதற்கென்று சுத்திகரித்த தேனை மருத்துவமனைகளில் பயன்படுத்துவதும் உண்டு. எனவே 'தேனால் கிருமி சாகும்' என்பது பொய்யல்ல. எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் என்பதுதான் கேள்வி.

4. கண்ணாடித் தட்டும் நம் வயிறும்

1994-இல் வெளியான ஓர் ஆய்வில், புண் நோயாளிகளிடமிருந்து எடுத்த எச். பைலோரியைத் தட்டில் வளர்த்துத் தேன் கலந்து பார்த்தார்கள். மனுக்காத் தேன் 5 சதவீதம் இருந்தாலே, 72 மணி நேரத்தில் கிருமி வளரவே இல்லை. 'தேன் அல்சரைக் குணப்படுத்தும்' என்ற செய்திகளுக்கு இது போன்ற ஆய்வுகளே வேர்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. பெராக்சைடை நம்பிச் செயல்படும் சாதாரண வகைத் தேன் 40 சதவீதம் இருந்தும் இந்தக் கிருமியைத் தடுக்கவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே: பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதிப்பொருள் எச். பைலோரியிடமே இருக்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மேசைக்கரண்டித் தேன் 15 மி.லி. அதை ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 மி.லி. வெந்நீரில் கலந்து குடிக்கிறோம். வெறும் வயிற்றில் ஏற்கெனவே இரைப்பை நீர் சிறிது இருக்கும். மொத்தம் 250 முதல் 300 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். தேனின் பங்கு 5 அல்லது 6 சதவீதம். ஆக, மனுக்காத் தேனாக இருந்தால் முதல் நிமிடத்தில் அளவு சரியாகத்தான் இருக்கிறது. சாதாரணத் தேனில் 40 சதவீதம் வேண்டுமானால் 100 மி.லி.க்கு மேல் குடிக்க வேண்டும். அதற்கும் பலனில்லை என்று முன்பே பார்த்தோம்.

அடுத்தது நேரம். தட்டில் தேன் 72 மணி நேரம் நகராமல் இருந்தது. வயிற்றில் நீர்ப்பொருள் தங்குவதில்லை. குடித்ததில் பாதி அரை மணி அளவில் சிறுகுடலுக்கு இறங்கிவிடும். சர்க்கரை இருந்தால் சற்றுத் தாமதமாகும். இரண்டு மணி நேரத்தில் அநேகமாக எல்லாம் போய்விடும். அதற்குள் இரைப்பை நீர் சுரந்து மேலும் நீர்த்துவிடும்.

மூன்றாவது இடம். தட்டில் கிருமி திறந்த வெளியில் இருந்தது. வயிற்றில் கோழைப் படலத்துக்கு அடியில் பதுங்கி இருக்கிறது.

கணக்கு இப்படிச் சொல்கிறது. நேரில் செய்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 1999-இல் லண்டனிலிருந்து வெளிவரும் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சிறிய பரிசோதனை வந்தது. கிருமி இருப்பது உறுதியானவர்களுக்கு இரண்டு வாரம் தினமும் பல வேளை மனுக்காத் தேன் கொடுத்தார்கள். முடிவில் ஒருவருக்குக்கூடக் கிருமி நீங்கவில்லை. தட்டில் 5 சதவீதத்தில் வென்ற அதே தேன்தான்.

அப்படியானால் எனக்கு வலி குறைந்தது எப்படி? இந்தப் புண்ணின் வலி இயல்பாகவே சில வாரம் இருக்கும், சில வாரம் மறையும். மேலும் வெறும் வயிற்றில் எது போனாலும் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். தண்டவாள வேலையில் இதை நான் நன்றாக அறிந்திருக்க வேண்டும். வண்டி ஓரிடத்தில் குலுங்குகிறது என்று ஜல்லியைக் கிடித்துக் கெட்டிப்படுத்தினால் குலுக்கல் நின்றுவிடும். ஆனால் தண்டவாளத்தின் உள்ளே விரிசல் இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அல்ட்ராசானிக் கருவி வேண்டும். எத்தனையோ கேங்மேன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த நான், என் வயிற்றில் இரண்டு வருடம் ஜல்லி மட்டும் கிடித்துக்கொண்டிருந்தேன்.

5. மற்ற வீட்டு மருந்துகள்

பூண்டு: தட்டில் பூண்டுச் சாறும் எச். பைலோரியைத் தடுக்கிறது. 1999-இல் அமெரிக்காவில் கிருமி உள்ள சிலருக்குப் பச்சைப் பூண்டு பத்துப் பல், இன்னொரு நாள் காரமான மிளகாய் என்று உணவோடு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பலனில்லை. அதே ஆய்வில் பிஸ்மத் என்ற மருந்து கொடுத்தபோது கிருமியின் செயல் குறைந்தது.

சீனாவின் ஷான்டாங் மாநிலத்தில், லிஞ்சூ என்ற வட்டாரத்தில் 1995-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. சிலருக்கு இரண்டு வாரம் மட்டும் கிருமிக்கு மருந்து; சிலருக்கு ஏழு ஆண்டுக்கு மேல் பூண்டுச் சத்து மாத்திரை. 22 ஆண்டுக் கணக்கை 2019-இல் வெளியிட்டார்கள். இரண்டு வார மருந்து எடுத்தவர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பூண்டு எடுத்தவர்களிடம் அந்த நோயால் இறப்பது குறைந்திருந்தது. எனவே சமையலில் பூண்டு இருக்கட்டும். ஆனால் இரண்டு வார மருந்தின் இடத்தில் அதை உட்கார வைக்க வேண்டாம்.

அதிமதுரம்: மராத்தியில் ஜ்யேஷ்டமத். பக்கத்து வீட்டுக் காகூ எனக்கு இந்தக் குச்சியைத்தான் கொடுத்தார். இதற்கு மருத்துவ வரலாறே உண்டு. அதிமதுரத்திலிருந்து உருவாக்கிய கார்பெனாக்ஸலோன் என்ற மருந்தை 1960-களில் இங்கிலாந்தில் வயிற்றுப் புண்ணுக்குக் கொடுத்தார்கள். புண் ஆறவும் செய்தது. ஆனால் ரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் குறைந்தது, கால் வீங்கியது. நல்ல மருந்துகள் வந்ததும் அது ஒதுக்கப்பட்டது. அதிமதுரத்தை நாள்தோறும் அதிகமாகச் சாப்பிட்டாலும் இதே ஆபத்து உண்டு. பி.பி. மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மஞ்சள்: 2023-இல் தாய்லாந்திலிருந்து வந்த ஆய்வு ஒன்று, புண் எதுவும் இல்லாமல் வரும் அஜீரணக் கோளாறில், மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் மாத்திரை, அமிலம் குறைக்கும் மாத்திரை அளவுக்கு இதம் தந்ததாகச் சொன்னது. புண்ணுக்கும் கிருமிக்கும் அந்த முடிவு பொருந்தாது. ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் மாத்திரை அளவுக்கும் வெகுதூரம்.

பிராக்கோலி முளை: ஜப்பானில் 2009-இல் 48 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், தினம் 70 கிராம் வீதம் எட்டு வாரம் சாப்பிட்டவர்களுக்குக் கிருமியின் அடையாளங்கள் குறைந்தன. நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பின.

மோர், தயிர்: இவற்றிலுள்ள நல்ல கிருமிகள் எச். பைலோரியை விரட்டிவிடாது. ஆனால் மருந்துக்காலத்தில் வரும் வயிற்றுப்போக்கு முதலிய தொல்லைகளை இத்தகைய நல்ல கிருமிகள் குறைப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. நம் நீர்மோரோ, இவ்வூர்த் தாக்கோ, எதுவானாலும் சரி. ஒரு எச்சரிக்கை: டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பால், தயிர், மோரோடு சேர்த்து விழுங்கக்கூடாது; மருந்து உடலில் சேராது. சில மணி இடைவெளி வேண்டும்.

மணத்தக்காளிக் கீரை: பாட்டி காலத்து வைத்தியம். தேங்காய்ப்பால் விட்டு மண்டிவைத்தால் வயிற்றுக்கு இதம், நானும் சாப்பிடுகிறேன். உணவாகச் சாப்பிடுங்கள். கிருமிச் சோதனைக்குப் போகாமலிருக்க அதைச் சாக்காக்காதீர்கள்.

பெயர் தெரியாத பொடிகள்: 'நூறு சதவீதம் மூலிகை' என்று விற்கும் சில பொடிகளில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மூட்டுவலிக்குத் தின்னும் வலி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் வயிற்றுப் புண்ணுக்கு இரண்டாவது பெரிய காரணம் என்பதையும் மறக்க வேண்டாம்.

6. சோதனையும் சிகிச்சையும்

மூச்சுச் சோதனை: கிருமி யூரியாவை உடைக்கும் என்று பார்த்தோமல்லவா? அடையாளம் வைத்த கார்பன் சேர்ந்த யூரியாவைக் குடிக்கத் தருவார்கள். கிருமி இருந்தால் அதை உடைத்து, அடையாளமுள்ள கரியமில வாயு அரை மணிக்குள் மூச்சில் வந்துவிடும். இல்லாவிட்டால் வராது. எவ்வளவு அழகான யுக்தி! மலத்தில் செய்யும் ஆன்டிஜன் சோதனையும் நம்பகமானது. குழாய் விட்டுப் பார்க்கும்போது துளித் திசு எடுத்தும் பார்க்கலாம். ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி சோதனை, கிருமி போன பிறகும் நெடுநாள் 'உண்டு' என்றே காட்டும். குணமானதா என்று அறிய அது உதவாது.

அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்திய பிறகே மூச்சு, மலச் சோதனைகள் சரியாக வரும். நிறுத்தலாமா என்பதை டாக்டரே சொல்ல வேண்டும்.

சிகிச்சையில் ஒரே மருந்து போதாது. அமிலம் குறைக்கும் மருந்து, பிஸ்மத், இரண்டு வகை ஆன்டிபயாடிக் என்று நான்கைச் சேர்த்து 14 நாள் தருவது இன்று பரவலாக உள்ள முறை. நம் நாட்டில் பழைய ஆன்டிபயாடிக்குகள் சிலவற்றுக்கு இந்தக் கிருமி அசைந்து கொடுப்பதில்லை. பாதியில் நிறுத்தினால், பிழைத்த கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை அது வேலை செய்யாது.

அந்தப் பதினான்கு நாள் சுகமானதல்ல என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வாயெல்லாம் இரும்பு நக்கியது போல் கசக்கும். பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுக்கும். அதை முன்பே டாக்டர் சொல்லாவிட்டால் நான் மறுபடி பயந்திருப்பேன். பத்தாம் நாள் "போதும், நிறுத்திவிடுகிறேன்" என்றேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் மாத்திரையை என் கையில் வைத்து, விழுங்கியதும் ஒரு ஸ்பூன் தேன் கொடுத்தாள். கசப்பு போயிற்று. மீதி நான்கு நாளும் அப்படியே ஓடின. ஆறு வாரம் கழித்துச் செய்த மூச்சுச் சோதனையில் கிருமி இல்லை. இரவு இரண்டு மணி வலி அதன் பிறகு வரவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. நம் சித்த மருத்துவத்தில் தேன் பெரும்பாலும் அனுபானமாகவே வரும். அதாவது துணை மருந்து. சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடு என்பார்கள். மருந்து வேறு, அதை உள்ளே கொண்டு சேர்ப்பது தேன். ஆயுர்வேதத்திலும் இப்படித்தான். முன்னோர் கொடுத்த இடத்தில் தேனை வைத்துக்கொண்டால் அதற்கும் பெருமை, நமக்கும் நலம்.

7. தேன் வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

தேன் வயிற்று நோய்க்கு எங்குமே உதவாதா என்றால், உதவிய இடமும் உண்டு. நம் தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலில் குளுகோஸுக்குப் பதில் தேன் சேர்த்துப் பார்த்தார்கள். 1985-இல் வெளியான அந்த ஆய்வில், பாக்டீரியாவால் வந்த வயிற்றுப்போக்கு 93 மணிக்குப் பதில் 58 மணியில் நின்றது. இங்கும் கவனியுங்கள்: உயிர் காத்தது உப்பும் நீரும் சேர்ந்த கரைசல், தேன் அதற்குத் துணை. இன்று பாக்கெட்டில் வரும் ஓ.ஆர்.எஸ். பொடியே போதும், அளவு பிசகாது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. நம்மிடம் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் உண்டு; மராத்தியர்களும் நாவில் தேன் தடவுவார்கள். தேனில் சில சமயம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களுக்கு அவற்றால் தீங்கில்லை. பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். ஊரிலிருந்து வரும் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லி, இந்த ஒரு சடங்கை ஒரு வருடம் தள்ளிவையுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தேனும் சர்க்கரையே. கணக்கில் சேர்க்க வேண்டும்.

கலப்படம் பற்றி: 2020-இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனை ஜெர்மனியில் நுட்பமான சோதனைக்கு அனுப்பியது. பெரும்பாலானவை தேறவில்லை என்று அறிவித்தது, நிறுவனங்கள் மறுத்தன. அரிசியிலிருந்து எடுக்கும் பாகை நாம் வீட்டில் செய்யும் சோதனைகளால் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது, திரியில் நனைத்து எரிப்பது எதுவும் பயன்படாது. அதேபோல் தேன் உறைந்து மணல்மணலாகப் போனால் அது கலப்படம் அல்ல, இயல்பு. தெரிந்த தேனீ வளர்ப்பவரிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ வாங்குவது ஓரளவு பாதுகாப்பு.

நினைவில் கொள்ள

1. மேல்வயிற்று வலியோ எரிச்சலோ சில வாரத்துக்கு மேல் நீடித்தால் கிருமிச் சோதனை பற்றி டாக்டரைக் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் தாமதிக்கவே வேண்டாம்.

2. தார் போன்ற கறுப்பு மலம், ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைதல், விழுங்கச் சிரமம், ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதையும் டாக்டரே முடிவு செய்யட்டும்.

3. கொடுத்த மருந்தை 14 நாளும் முழுமையாகச் சாப்பிடுங்கள். முடிந்தபின் கிருமி போயிற்றா என்று சோதித்துக்கொள்ளுங்கள். வலி போனது சோதனை ஆகாது.

4. சாப்பிடும் முன் கை கழுவுதல், காய்ச்சிய நீர், குழந்தைக்குத் தனி ஸ்பூன். அடுத்த தலைமுறைக்கு இந்தக் கிருமி போகாதிருக்க இவையே வழி.

பொங்கல் பந்தியில் என்னோடு பேசிய அன்பரை அடுத்த வாரமே வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். "அப்போ தேனை விட்டுவிடட்டுமா ஸார்?" என்று கேட்டார். "வேண்டாம். மாத்திரையை மறுபடி டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். தேனை அதற்குப் பின்னால் ஒரு ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். டாக்டரிடம் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதைப் படிக்கும் அன்பர்களில் யாருக்காவது அதே இரவு இரண்டு மணி வலி இருந்தால், அவர்களும் போய்வர வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.